மலிவு தேடுவோனும் ஏலக்களமும்

பொருளை மலிவாகக் கொள்ள வேண்டும் என்னும் ஆசை மக்கட்கு இயல்பானது. கடையிற் பொருள் கொள்வோன் விற்போன் ஒருவனோடு மட்டும் பேரம் பேசுகின்றான். ஏலக்களத்திற் புகுவோனோ, தன்னைப்போலவே மலிவு தேடி வந்த பலரோடு போட்டியிடுகின்றான். இவ்வேற்றுமையை எண்ணாத சிலர், ஏலம் என்ற சொல்லைக் கேட்ட மாத்திரத்தே, எல்லாம் பாதி விலைக்குக் கிடைக்கும் என்று விரைகின்றனர். வேறு சிலர், ஏலம் என்பதே ஏமாற்று என்று ஒதுங்கிவிடுகின்றனர். இவ்விரு கொள்கைகளும் பொருந்தா என்பதே எமது கருத்து. ஏலத்தின் வகையை அறிந்து, தன் விலையெல்லையை வீட்டிலேயே வகுத்துக்கொண்டு செல்வோனுக்கே அங்கு மலிவு கிட்டும். இல்லறம் நடத்தப் புகும் இளைஞர்க்கும், வாழ்நாட் சேமிப்பைக் கொண்டு ஒரு வீடு தேடும் பழைய மாணவர்க்கும் இது சிறு செய்தியன்று.

ஏலம் என்ற சொல் போர்த்துக்கீசிய மொழியினின்று நமக்கு வந்ததென்பர். போடிநாயக்கனூரில் ஏலக்காயை ஏலம் விடும்போது, செடியின் பெயரும் விற்பனையின் பெயரும் ஓரிடத்தே கூடுகின்றன. சொல் வேற்று நாட்டதாயினும் செயல் நமக்குப் பழகியதே. ஊர்ப் பொதுப் புளியமரத்தின் மகசூல், கண்மாய் மீன், மீட்கப்படாத அடகு நகை ஆகியவை ஏலம் போவதை யாவரும் அறிவர். ஒருவர் கேட்ட விலைக்கு மேல் மற்றொருவர் ஏற்றிக் கேட்க, "ஒரு தரம், இரண்டு தரம், மூன்று தரம்" என்று முடியும் இவ்வகையை ஏறுமுக ஏலம் எனலாம்.

ஏறுமுக ஏலத்தின் நன்மை, பிறர் அப்பொருளை எவ்வளவு மதிக்கின்றனர் என்பது நம் காதில் விழுதலாம். அதன் தீங்கும் அதுவே. பிறன் கேட்கக் கேட்க நமக்குச் சினம் மூளுகின்றது. பொருளின் மேல் இருந்த ஆசை, எதிரியை வெல்லும் ஆசையாக மாறிவிடுகின்றது. கி. பி. 193இல் உரோமாபுரியில் நிகழ்ந்தது இதற்குத் தக்க சான்றாகும். பெர்ட்டினாக்ஸ் என்னும் பேரரசனைக் கொன்ற மெய்காவற்படையினர், அரியணையையே ஏலத்தில் விட்டனர். சுல்ப்பிசியானஸ் என்பவன் வீரன் ஒருவனுக்கு 20,000 செஸ்டர்ஸ் நாணயம் தருவதாகக் கூறினான். டிடியஸ் ஜூலியானஸ் ஒரே வீச்சில் 25,000 என்று ஏற்றிக் கேட்டு அரசை எடுத்தான். அறுபத்தாறு நாள்களில் அரசும் போயிற்று, உயிரும் போயிற்று. எடுத்த பொருளை வைத்து ஆள முடியுமா என்று அவன் எண்ணிப் பார்த்திலன்.

ஏறுமுக ஏலத்தில் முடிவு வேளை எவ்வாறு குறிக்கப்படுகின்றது என்பதையும் மலிவு தேடுவோன் அறிதல் வேண்டும். பதினேழாம் நூற்றாண்டில் இங்கிலாந்தில் ஓரங்குல மெழுகுவத்தியைக் கொளுத்திவைத்து, அது அணையும்போது யார் கடைசியாகக் கேட்டாரோ அவருக்கே பொருளை முடிப்பதுண்டு. கடற்படை அலுவலராக இருந்த ஸாமுவேல் பீப்ஸ், 1662ஆம் ஆண்டு நாட்குறிப்பில் அத்தகைய கப்பல் ஏலம் ஒன்றைப் பற்றி எழுதியுள்ளார். அங்கே ஒருவன் மட்டும் ஒவ்வொரு முறையும் சரியாகக் கடைசியிற் கேட்டு வென்றான். காரணம் வினவியபோது, சுடர் அணையும் தறுவாயிற் புகை கீழ்நோக்கி இறங்கும் என்றும், அதனைக் கண்டே தான் கேட்பதாகவும் அவன் கூறினானாம்.

மெழுகுவத்தி மறைந்தது, அத்தந்திரம் மறையவில்லை. 1995இல் தோன்றிய ஈபே என்னும் இணையச் சந்தையில் ஏலம் குறித்த மணியில் முடிந்துவிடும். ஆகவே பலர் கடைசி நொடி வரை வாளாவிருந்து பின் கேட்கின்றனர். அந்நாளில் அமேசான் நடத்திய ஏலங்களிலோ, கடைசியில் யாரேனும் கேட்டால் நேரம் நீளும். இவ்விரண்டையும் ஒப்பிட்டு ஆராய்ந்த ஆல்வின் ராத், ஆக்ஸெல் ஓக்கென்ஃபெல்ஸ் என்னும் அறிஞர் இருவர், குறித்த மணியில் முடியும் ஏலத்திலேயே கடைசி நேரக் கேள்வி மிகுதி என்று 2002இற் காட்டினர். முடிவு வேளை நிலையானதாயின் நம் விலையைக் கடைசி வரை மறைத்து வைத்தல் நன்று. போட்டியாளனின் சினத்தைக் கிளறாமல் இருக்கலாம். நேரம் நீளுமாயின் அத்தந்திரத்தாற் பயனில்லை. எல்லை தவறாமையே அங்குத் துணை.

இனி இறங்குமுக ஏலம். இதற்கு ஒல்லாந்து நாடு பெயர் பெற்றது. அங்குள்ள ஆல்ஸ்மேர் என்னும் ஊரின் பூச்சந்தையில், கடிகாரம் போன்ற வட்டத்தில் விலை உயர்ந்த எண்ணிலிருந்து விரைவாக இறங்கி வரும். முதலில் நிறுத்துவோன் எவனோ அவனுக்கே பூ. வாடும் பொருளை விரைவில் விற்றற்கு இது ஏற்ற முறை. ஆனால் வாங்குவோனுக்குப் பிறர் மனம் சற்றும் தெரியாது. இன்னும் சற்று இறங்கட்டும் என்று காத்திருந்தால் பொருள் போய்விடும். அஞ்சி முந்தினால் மலிவு போய்விடும்.

மூடிய உறையில் விலை எழுதிக் கொடுக்கும் ஏலமும் இத்தன்மையதே. பிறர் எழுதியது நமக்குத் தெரியாது. மிகுதியாக எழுதியவன் தான் எழுதியதையே கொடுத்து எடுத்துக்கொள்வான். ஒரு பொருள் நமக்கு 10,000 ரூபாய் பெறும் என்று கொள்வோம். 10,000 என்றே எழுதி வென்றால் ஆதாயம் யாதுமில்லை. ஆகவே குறைத்தே எழுதவேண்டும். போட்டியாளர் பலராயின் சிறிதே குறைத்தலும், சிலராயின் மிகுதியாகக் குறைத்தலும் தகும்.

மூடிய உறையிலேயே மற்றொரு வகையுண்டு. மிகுதியாக எழுதியவனுக்கே பொருள். ஆனால் அவன் கொடுக்க வேண்டுவது அடுத்தவன் எழுதிய விலை மட்டுமே. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலேயே அஞ்சல்தலை வணிகர் சிலர் இதனைக் கையாண்டனர். வில்லியம் விக்ரி என்னும் பொருளியலறிஞர் 1961இல் இதனை ஆராய்ந்து விளக்கினார். 1996இல் நோபெல் பரிசும் பெற்றார். இம்முறையில் உண்மை மதிப்பை எழுதுவதே சாமர்த்தியம் என்பது அவர் கண்ட முடிவு. 10,000 பெறும் பொருளுக்கு 7,500 என்று எழுதினால், 8,000 எழுதியவனிடம் அதனை இழப்போம். உண்மையை எழுதியிருப்பின் 8,000க்கே கிடைத்திருக்கும். ஆசையால் 12,000 என்று எழுதினால், மற்றொருவன் 11,000 எழுதியிருக்க, 1,000 ரூபாய் நட்டத்தோடு வெல்வோம். உண்மை கூறுவோனுக்கு இழப்பு வாராத ஏலம் இது என்றால் மிகையாகாது.

எவ்வகை ஏலமாயினும், பொருளின் மதிப்பே ஐயமாக உள்ளபோது ஓர் இடர் ஒளிந்திருக்கின்றது. 1907இல் பிரான்சிஸ் கால்ட்டன் என்னும் அறிஞர் ஒரு செய்தி வெளியிட்டார். பிளிமத் நகரக் கண்காட்சியில் ஓர் எருதின் இறைச்சி எவ்வளவு எடை நிற்கும் என்று 787 பேர் மதிப்பிட்டனர். அம்மதிப்புகளின் நடுவெண் 1,207 இராத்தல். உண்மை எடையோ 1,198 இராத்தல். கூட்டத்தின் நடு மதிப்பு ஏறக்குறையச் சரியாகவே இருந்தது. ஆயினும் அவ்வெருதை அந்த 787 பேரிடையே ஏலம் விட்டிருந்தால், அதனைப் பெறுவோன் நடுவில் நின்றவன் அல்லன். எல்லாரினும் மிகையாகத் தவறியவனே. 1971இல் மெக்ஸிக்கோ வளைகுடா எண்ணெய் ஏலங்களை ஆராய்ந்த எஞ்சினியர் மூவர் இவ்வுண்மையை எடுத்துக்காட்டினர். வென்றவனைப் பிடிக்கும் சாபம் என்றே இதனை அறிஞர் கூறுவர். ஆதலின், "இத்தனை பேருள் நான் ஒருவனே இவ்வளவு கேட்டது ஏன்?" என்னும் வினாவை வென்ற பின் அன்று, கேட்கும் முன்னரே கேட்டுக்கொள்க.

இந்நாளில் நடுத்தரக் குடும்பத்தாரைப் பெரிதும் ஈர்ப்பது, கடன் தவறியோர் வீடுகளை வங்கிகள் விடும் ஏலம். இங்கே எழுத்து விதிகளே எல்லாம். சொத்து உள்ளது உள்ளபடியே விற்கப்படும். பழைய வரி பாக்கியும், குடியிருப்போரை வெளியேற்றும் தொல்லையும் வாங்குவோன் தலையில் விழக்கூடும். 2002ஆம் ஆண்டு விதிகளின்படி, முன்வைப்புத் தொகை உட்பட விலையில் நூற்றுக்கு 25 பங்கினை ஏலம் முடிந்த அன்றோ அடுத்த வேலைநாளிலோ கட்டவேண்டும். எஞ்சியதை விற்பனை உறுதியான பதினைந்தாம் நாளுக்குள்ளோ, எழுத்தால் ஒப்பி நீட்டித்த தவணைக்குள்ளோ செலுத்தல் வேண்டும். தவறினால் கட்டிய பணம் பறிபோகும். வில்லங்கச் சான்று பாராமலும், வீட்டை நேரிற் காணாமலும், மீதிப் பணத்திற்கு வழி செய்யாமலும் கேட்போனுக்கு அம்மலிவே பெருஞ்செலவாகும். ஆழம் அறியாமற் காலை விடாதே என்னும் பழமொழி இவ்விடத்திற்கே சொன்னது போலும்.

ஏமாற்று இல்லையோ என்று வினவுவோர்க்கும் விடை கூறல் வேண்டும். உண்டு; அஃது இரு புறத்தும் உண்டு. விற்போன் தன் ஆளை நிறுத்திப் பொய்யாக விலையேற்றுதல் ஒன்று. நம் நாட்டுச் சரக்கு விற்பனைச் சட்டம், 1930, இதனைப் பொறுப்பதில்லை. பொய்க் கேள்வியால் விலை ஏற்றப்பட்டிருப்பின் அவ்விற்பனையை வாங்கினோன் தள்ளிவிடலாம். கேட்போர் தமக்குள் கூடிக்கொண்டு, ஒருவனை மட்டும் குறைந்த விலைக்குக் கேட்கவிட்டுப் பின் ஆதாயத்தைப் பங்கிடுதல் மற்றொன்று. இங்கிலாந்தில் 1927இல், வணிகர் இவ்வாறு கைக்கூலி கொடுத்துப் பிறரைக் கேளாதிருக்கச் செய்வதைக் குற்றமாக்கிச் சட்டம் இயற்றினர்.

முந்தியதைக் கண்டு சினப்போர் பலர், பிந்தியதைச் சாமர்த்தியம் என்று பாராட்டுகின்றனர். இஃது எமக்கு உடன்பாடன்று. கண்மாய் மீன் கூட்டுச் சதியால் மலிவாகப் போனால், குறைவது ஊர்ப் பொதுப் பணம். அடகு நகை ஏலத்தில் கடனும் வட்டியும் செலவும் போக மிஞ்சுவது நகைக்கு உரியோனைச் சேரவேண்டிய பணம். நால்வர் கூடி அவ்விலையை அடக்கினால், ஏற்கெனவே நகையை இழந்த ஓர் ஏழைத் தாயின் கையிலிருந்து எஞ்சிய சில ரூபாயையும் பறித்தோராவர். அது மலிவு அன்று, களவே. பிறர் அறியாததை ஆராய்ந்து அறிந்து பெறும் ஆதாயம் அறிவின் கூலி. பிறர் வாயை அடைத்துப் பெறும் ஆதாயத்திற்கு அப்பெயர் பொருந்தாது.

ஆகவே மலிவு தேடும் நண்பர், ஏலக்களத்திற்குப் புறப்படுமுன் ஒரு தாளில் நான்கு செய்திகளை எழுதிக்கொள்வாராக: இவ்வேலம் எவ்வகை, இஃது எவ்வாறு முடியும், எல்லாச் செலவும் உட்பட இப்பொருள் எனக்கு எவ்வளவு பெறும், எவ்விலைக்கு மேல் நான் வாய் திறவேன். அவ்வெண் தாண்டியதும் எழுந்து வருதலில் இழுக்கு யாதுமில்லை. வெறுங்கையோடு திரும்புவோன் தன் பணத்தோடு திரும்புகின்றான். அடுத்த ஏலம் ஒன்று எங்கேனும் நடந்தே தீரும்.