சாவிலும் வர்க்க பேதம்!

சிஸ்டிக் பைப்ரோசிஸ் என்பது ஒரு பிறவி நோய். தாயிடமிருந்து ஒன்று, தந்தையிடமிருந்து ஒன்று எனப் பழுதுபட்ட இரண்டு ஜீன்கள் குழந்தைக்கு வந்து சேர்ந்தால் இந்நோய் உண்டாகிறது. சளி பசைபோல் கெட்டிப்பட்டு நுரையீரலை அடைக்கிறது, கிருமிகள் குடியேறுகின்றன. கணையமும் அடைபடுவதால் உண்ட உணவு உடம்பில் ஒட்டுவதில்லை.

“பிறப்போடு வந்த நோய்க்கும் உங்கள் வர்க்க அரசியலுக்கும் என்ன சம்பந்தம்?” என்று முதலாளித்துவப் பண்டிதர்கள் நம்மைக் கேட்கலாம். கணக்கைப் பார்ப்போம்.

அமெரிக்காவும் கனடாவும் அண்டை நாடுகள். இரண்டிலும் நோய் ஒன்றே. வைத்திய சாஸ்திரமும் ஒன்றே. இரு நாட்டு நோயாளர் பதிவேடுகளையும் ஒப்பிட்ட ஆராய்ச்சி ஒன்று 2017ல் வெளிவந்தது. 2009 முதல் 2013 வரை, கனடா நோயாளிகளின் இடைநிலை ஆயுள் சுமார் 51 வருஷம். அமெரிக்க நோயாளிகளுக்கோ சுமார் 41! அந்தப் பத்து வருஷ ஆயுளைப் பறித்தது யார்?

அந்த ஆராய்ச்சியிலேயே பதில் இருக்கிறது. தனியார் இன்ஷூரன்ஸ் வைத்திருந்த அமெரிக்கர்களுக்கும் கனடாக்காரர்களுக்கும் மரண அபாயத்தில் குறிப்பிடத்தக்க வித்தியாசம் இல்லை. மெடிக்கெய்ட், மெடிக்கேர் என்ற சர்க்கார் திட்டங்களை நம்பியிருந்த அமெரிக்கர்களைவிடக் கனடாக்காரர்களின் அபாயம் 44 சதவீதம் குறைவு. இன்ஷூரன்ஸ் இல்லாதவர்கள், உண்டா இல்லையா என்றே பதிவாகாதவர்கள் ஆகியோரைவிட 77 சதவீதம் குறைவு!

கனடா கொழுப்புச் சத்துள்ள உணவை முன்னதாகவே கொடுக்கத் தொடங்கியது. நுரையீரல் மாற்று சிகிச்சையும் அங்கு அதிகம். இவையும் காரணங்களே, நாம் மறுக்கவில்லை. ஆனால் அமெரிக்காவுக்குள்ளேயே ஏழைக்கும் பணக்காரனுக்கும் இடையே உள்ள வித்தியாசத்துக்கு என்ன பதில்? 1986 முதல் 1994 வரையிலான பதிவுகளை ஆராய்ந்தபோது, ஏழைகளுக்கான மெடிக்கெய்ட் திட்டத்திலிருந்த நோயாளிகளின் மரண அபாயம் மற்றவர்களைவிட மூன்றரை மடங்குக்கு மேல் என்று தெரிந்தது!

நிற பேதமும் இதில் சேர்ந்துகொள்கிறது. பிறந்த குழந்தையின் ரத்தத்தைச் சோதிக்கும்போது, வெள்ளையரிடம் அதிகம் காணப்படும் ஜீன் பழுதுகளையே பெரும்பாலும் தேடுகிறார்கள். கறுப்பின, ஸ்பானிய வழி, ஆசியக் குழந்தைகளின் நோய் சோதனையில் அகப்படாமல் நழுவுவது அதிகம். நோயைத் தாமதமாகக் கண்டால் சிகிச்சையும் தாமதம். அதற்குள் நுரையீரல் பாழ்.

மருந்து இல்லையா? இருக்கிறது. 2019ல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற டிரைகாப்டா பலருக்குப் புதுவாழ்வு தந்திருக்கிறது. விஞ்ஞானிகளின் உழைப்பை நாம் வணங்குகிறோம். ஆனால் வெர்டெக்ஸ் கம்பெனி அதற்கு வைத்த விலை வருஷத்துக்கு 3 லட்சத்து 11 ஆயிரம் டாலர்! பேடண்ட் தடையின்றித் தயாரித்தால் சுமார் 5,700 டாலருக்குக் கொடுக்கலாம் என்று 2022ல் ஆராய்ச்சியாளர்கள் கணக்கிட்டார்கள். ஐம்பது மடங்குக்கு மேல் கொள்ளை! இந்த மருந்து வரிசையின் ஆரம்ப ஆராய்ச்சிக்குப் பணம் தந்தது, நோயாளிக் குடும்பங்கள் வீடுவீடாக வசூலித்த நன்கொடையில் வளர்ந்த ஒரு பவுண்டேஷன் என்பதையும் மறக்க வேண்டாம். மக்கள் விதைத்தார்கள், ஏகபோகம் அறுவடை செய்கிறது.

ஜீன் பழுது இயற்கையின் விபத்து. இன்ஷூரன்ஸ் சீட்டும் பேடண்டும் மனிதன் செய்தவை. மனிதன் செய்ததை மனிதனால் மாற்ற முடியும். எல்லா இனக் குழந்தைகளுக்கும் பொருந்தும் சோதனை வேண்டும். மருந்தைப் பேடண்ட் பிடியிலிருந்து விடுவிக்க வேண்டும். சிகிச்சை பொதுச் செலவில் நடக்க வேண்டும். மூச்சு விடும் உரிமையைப் பணப்பை தீர்மானிக்கும் ஏற்பாடு ஒழியட்டும்!