‘இடி இறங்கின மாதிரி’ தலைவலியா? முதல் 6 மணி நேரத்தை விட்டுடாதீங்க!

தலைவலின்னா ஒரு மாத்திரை, ஒரு காபி, கொஞ்சம் தூக்கம். பெரும்பாலும் அதுவே போதும். ஆனால், நன்றாக இருந்தவருக்குத் திடீரெனத் தொடங்கி, ஒரே நிமிடத்துக்குள் உச்சத்தைத் தொடும் தலைவலி வேறு ரகம். மருத்துவர்கள் இதை ‘தண்டர்கிளாப்’ தலைவலி என்கிறார்கள்.

என்ன ஆபத்து?

இப்படி வரும் எல்லாத் தலைவலியும் ஆபத்தானதில்லை. ஆனாலும் டாக்டர்கள் முதலில் சந்தேகிப்பது, மூளையைச் சுற்றிய உறைகளுக்கு இடையிலான ரத்தக்கசிவை. தலையில் அடிபடாமலே இது வந்தால், ரத்தக்குழாயில் பலூன் போலப் புடைத்திருந்த ‘அனியூரிசம்’ வெடித்ததே பெரும்பாலும் காரணம். அது மீண்டும் வெடித்தால் உயிருக்கே ஆபத்து. முதல் 24 மணி நேரத்தில்தான் அந்த அபாயம் மிக அதிகம்.

கழுத்து ரத்தக்குழாயின் சுவர் கிழிவது, மூளையின் சிரைகளில் ரத்தம் உறைவது போன்றவையும் காரணமாகலாம்.

எப்படிக் கண்டுபிடிப்பார்கள்?

கனடா மருத்துவர்கள் 2013-ல் வெளியிட்ட ‘ஒட்டாவா விதி’ 6 விஷயங்களைக் கவனிக்கச் சொல்கிறது: வயது 40 அல்லது அதற்கு மேல், கழுத்து வலி அல்லது இறுக்கம், மற்றவர் கண்முன் மயங்கி விழுந்தது, உடலை வருத்தி ஏதாவது செய்யும்போது வலி தொடங்கியது, நொடியில் உச்சம் தொட்டது, கழுத்தைக் குனிய முடியாதது. ஒன்று இருந்தாலும் பரிசோதனை தேவை.

வலி தொடங்கிய 6 மணி நேரத்துக்குள், நவீன இயந்திரத்தில் சி.டி. ஸ்கேன் எடுத்து அனுபவமுள்ள நிபுணர் பார்த்தால், கிட்டத்தட்ட எல்லாக் கசிவுகளும் தெரிந்துவிடும். நேரம் போகப் போக ரத்தம் கரைந்து, கண்ணுக்குத் தப்பலாம். அப்போது ஸ்கேன் ‘நார்மல்’ என்று வந்தாலும் முதுகுத் தண்டுவட நீர்ப் பரிசோதனையோ, ரத்தக்குழாய்களைக் காட்டும் சி.டி. ஆஞ்சியோகிராமோ தேவைப்படும்.

கடிகாரத்தைப் பாருங்க

‘விடியட்டும், பார்த்துக்கலாம்’ என்று காத்திருப்பதில் பறிபோவது இந்த 6 மணி நேரம்தான். ‘மாத்திரை போட்டதும் குறைஞ்சிடுச்சு’ என்பதும் கசிவு இல்லை என்பதற்கு ஆதாரம் ஆகாது. வலி எவ்வளவு என்பதோடு, எத்தனை மணிக்குத் தொடங்கியது, எவ்வளவு வேகத்தில் உச்சம் தொட்டது என்பதையும் அவசர சிகிச்சைப் பிரிவில் கட்டாயம் கேட்க வேண்டும். கேட்காவிட்டால், நோயாளியோ கூட வந்தவரோ தாமாகவே சொல்லிவிட வேண்டும்.

இப்படியொரு தலைவலி வந்தால் தாமே வண்டி ஓட்டிப் போக வேண்டாம். 108-ஐ அழைத்துவிட்டு, முதல் வேலையாக மணியைக் குறித்துக்கொள்ளுங்கள்.