கபடிக் கடனும் பஞ்சாயத்துப் பணமும்

இந்த ஆகஸ்ட் 15 கிராம சபைக் கூட்டத்திலிருந்து எங்க ஊர்க் கபடிப் பையன்கள் என்னோட பேசுறதில்லை. டீக்கடையில் என்னைக் கண்டால் ரெண்டு பேர் டம்ளரை வைத்துவிட்டு எழுந்து போகிறார்கள். எல்லாம் மாமா, சித்தப்பான்னு கூப்பிட்டு வளர்ந்த பிள்ளைகள். வருத்தமாத்தான் இருக்கு. ஆனாலும் அன்றைக்கு நான் சொன்னது சரி என்றுதான் இன்னமும் நினைக்கிறேன். பட்டணத்தில் இருந்து இதைப் படிக்கிற உங்களுக்கும் இதில் ஒரு பங்கு உண்டு, அதனால் எழுதுகிறேன்.

வைகாசியில் எங்க ஊர்க் குழு ரெண்டு நாள் மின்னொளி கபடிப் போட்டி நடத்தியது. உளுந்து எடுத்த வயல்தான் ஆடுகளம். 32 டீம் வந்தது. புதுக்கோட்டை, சிவகங்கைப் பக்கத்திலிருந்தெல்லாம் வேன் பிடித்து வந்தார்கள். விடியற்காலை நாலு மணிக்கும் பொம்பளைகள் கூட்டம் கலையாமல் உட்கார்ந்து பார்த்தது. போட்டியில் ஒரு குறையும் சொல்ல முடியாது. குறையெல்லாம் போட்டி முடிந்த பிறகு வந்தது.

கணக்கை நோட்டுல எழுதச் சொல்லி நான்தான் பையன்களை உட்கார வைத்தேன். பரிசுத் தொகை நாலும் சேர்த்து 95,000. மைக்செட், லைட், ஜெனரேட்டர் 34,000. வெளியூர் டீம்களுக்குச் சாப்பாடு 28,000. பந்தல், கேலரி 15,000. கோப்பைகள் 14,000. நடுவர்களுக்கு 12,000. நோட்டீஸ், பிளெக்ஸ் 9,000. ஆக மொத்தம் 2,07,000 ரூபாய்.

வரவு என்ன? ஒரு டீமுக்கு 500 ரூபாய் நுழைவுக் கட்டணம், அது 16,000. ஊரில் வீடு வீடாய் வசூல் பண்ணியது 41,000. மீதிக்கெல்லாம் உபயதாரர்களைத்தான் நம்பியிருந்தார்கள். நோட்டீஸில் பெயர் போட்டு அறிவித்த உபயம் 1,60,000. அது அப்படியே வந்திருந்தால் செலவு போக பத்தாயிரம் மிச்சம். வந்தது 92,000தான். பாக்கி 68,000 இன்னும் வரவில்லை. மிச்சம் நிற்க வேண்டிய இடத்தில் 58,000 கடன் நிற்கிறது.

வராத 68,000 யாருடையது? முதல் பரிசு 30,000 ஒரு கட்சிப் பிரமுகர் தருவதாகச் சொன்னது. மாலை போட்டுக்கொண்டு, மைக்கைப் பிடித்து, பையன்களோடு போட்டோவும் எடுத்துக்கொண்டார். இரண்டாம் பரிசு 25,000 எங்க ஊரில் பிறந்து வெளியூரில் நல்ல உத்தியோகத்தில் இருப்பவர், தன் அப்பா நினைவாகத் தருவதாகச் சொன்னது. அப்பா படம் பிளெக்ஸில் பெரிதாகப் போட்டாச்சு. பணம் மட்டும் "அடுத்த வாரம் தம்பி" என்று மூணு மாசமாய்ப் போனிலேயே இருக்கிறது. மீதி 13,000 சின்னச் சின்ன ஆட்கள்.

ஆனால் பரிசுப் பணத்தைக் கடன் சொல்ல முடியாது. ஜெயித்த டீம் கையில் காசு வாங்காமல் களத்தை விட்டு இறங்காது. கொடுக்காவிட்டால் ஊர் பேர் கெட்டுப்போகும், அடுத்த வருஷம் ஒரு டீமும் வராது. அதனால் மைக்செட்டுக்கும் மளிகைக்கும் பந்தலுக்கும் எடுத்து வைத்திருந்த பணத்தை எடுத்துப் பரிசைக் கொடுத்துவிட்டார்கள். வெளியூர்க்காரனுக்குக் கொடுத்தாச்சு, உள்ளூர்க்காரனுக்குக் கடன் சொல்லியாச்சு. இப்போ மைக்செட்காரருக்கு 26,000, மளிகைக் கடைக்கு 20,000, பந்தல்காரருக்கு 8,000, பிளெக்ஸ் கடைக்கு 4,000 பாக்கி.

மைக்செட்காரர் என்னோட படிச்சவர். என் வார்த்தையை நம்பித்தான் அட்வான்ஸ் சரியாக வாங்காமல் வண்டி ஏற்றினார். ஜெனரேட்டருக்கு டீசல் அவர் கைக்காசு. மகள் நர்சிங் படிக்கிறாள், பீஸ் கட்ட வேண்டிய நேரத்தில் இந்தப் பணம் மாட்டிக்கிச்சு. அவர் என்னிடம் கடுமையாக ஒரு வார்த்தை கேட்டதில்லை. சாயங்காலம் வருவார், திண்ணையில் உட்காருவார், மேட்டூர்த் தண்ணி, மழை, உர விலை எல்லாம் பேசுவார், எழுந்து போய்விடுவார். அவர் கேட்காமல் போவதுதான் எனக்கு ராத்திரி தூக்கத்தைக் கெடுக்கிறது.

இந்த நிலையில்தான் பையன்கள் கிராம சபையில் மனு கொடுத்தார்கள். கபடிக் குழுக் கடன் 58,000 ரூபாயைப் பஞ்சாயத்து நிதியிலிருந்து கொடுக்கணும் என்று. ஊராட்சி செயலர் அதற்கு வழியில்லை என்றார். சத்தம் கிளம்பியது. நான் எழுந்து, "கொடுக்க வழி இருந்தாலும் கொடுக்கக் கூடாது" என்றேன். "மாமா, ஜாமீன் சொன்ன நீங்களே இப்படிப் பேசுறீங்களே" என்று ஒரு பையன் கேட்டான். நியாயமான கேள்வி. அந்தக் கடன் அடைந்தால் முதலில் நிம்மதி அடைகிற ஆள் நான்தான்.

ஆனாலும் யோசித்துப் பாருங்க. பஞ்சாயத்துப் பணம் யாருடையது? இட்லி சுட்டு விக்கிற அம்மா கட்டுகிற வீட்டு வரியும் அதில் இருக்கிறது. ஒரு பிரமுகர் மேடையில் அறிவித்து ஏமாற்றிய 30,000 ரூபாயை அந்த அம்மா எதற்குக் கட்டணும்? ஒரு தடவை பஞ்சாயத்து கட்டிவிட்டால், அடுத்த வருஷம் ஆளாளுக்கு லட்சக்கணக்கில் அறிவிப்பார்கள். எப்படியும் ஊர் கட்டிவிடும் என்று தெரிந்துபோகும்.

இதைச் சொன்னதுமே கூச்சல். அதற்குப் பிறகு நான் சொன்ன ரெண்டாவது விஷயம் யார் காதிலும் விழவில்லை. அதை இங்கே சொல்கிறேன்.

கடனுக்குக் கொடுக்கக் கூடாது. ஆனால் விளையாட்டுக்குப் பஞ்சாயத்து கொடுக்கலாம், கொடுக்கணும். 1994ஆம் வருஷத்துத் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டத்தில் 110ஆம் பிரிவு, ஊராட்சி கட்டாயம் செய்ய வேண்டிய வேலைகளைச் சொல்கிறது. ரோடு, தெருவிளக்கு, வடிகால், குப்பை, சுடுகாடு, குடிதண்ணீர் எல்லாம் அதில் வரும். அடுத்த 111ஆம் பிரிவு, வசதி இருந்தால் செய்யலாம் என்கிற வேலைகள். அதில் வாசகசாலை இருக்கிறது, ரேடியோப் பெட்டி இருக்கிறது, விளையாட்டுத் திடல், பூங்கா இருக்கிறது. விளையாட்டுக் கழகம் என்றும், உடற்பயிற்சி நிலையம் என்றும் சொல்லியே இருக்கிறது. ஓய்வு பெற்ற வாத்தியார் ஒருவர் நகல் எடுத்துக் கொடுத்தார். படித்துவிட்டு எனக்கே ஆச்சரியம்.

ரேடியோப் பெட்டி என்றதும் எனக்குச் சின்ன வயசு ஞாபகம் வந்துவிட்டது. பஞ்சாயத்து ரேடியோ ரூம் என்று எங்க ஊரிலும் ஒன்று இருந்தது. சாயங்காலம் ஆனால் ஒருத்தர் வந்து பூட்டைத் திறந்து ரேடியோவைப் போடுவார். வெளியே குழாய் ஸ்பீக்கரில் திருச்சி நிலையம் கேட்கும். செய்தி, விவசாய நிகழ்ச்சி எல்லாம் நாங்க மண்ணில் உட்கார்ந்து கேட்டோம். அது வருஷக்கணக்கில் ஓடியதற்குக் காரணம் பெட்டி வாங்கிக் கொடுத்தது மட்டும் இல்லை. திறந்து பூட்ட ஒரு ஆள், கரண்ட் பில், ரிப்பேர், இதெல்லாம் பஞ்சாயத்துச் செலவில் நடந்தது. அது நின்றதும் ரேடியோவும் நின்றது. இப்போ அந்த ரூமில் பிளீச்சிங் பவுடர் மூட்டை கிடக்கிறது.

விளையாட்டிலும் இதே கதைதான். அரசாங்கம் பொருள் கொடுக்காமல் இல்லை. 2006லிருந்து 2011 வரை அனைத்துக் கிராம அண்ணா மறுமலர்ச்சித் திட்டம் நடந்தபோது எங்க ஊருக்கும் ஒரு விளையாட்டுத் திடல் வந்தது. பிறகு 2020இல் அம்மா இளைஞர் விளையாட்டுத் திட்டம் வந்தது. 2024இல் கலைஞர் விளையாட்டு உபகரணங்கள் என்று கிட்டுக் கொடுத்தார்கள், 33 வகைச் சாமான். ஆட்சி மாறினால் திட்டத்தின் பேர் மாறும், பொருள் வரும். வந்த பொருளை வைத்து நடத்த ஆளும் காசும் யாரும் ஒதுக்குவதில்லை. திடலில் கருவேலம் மண்டிக் கிடக்கிறது. கிட்டு ஆபீஸ் அறையில் பூட்டியே இருக்கிறது. கேட்டால், தொலைந்துபோனால் நாங்க பதில் சொல்லணும் என்கிறார்கள். பையன்கள் இன்னமும் யாராவது வயலைக் கடன் கேட்டு விளையாடுகிறார்கள்.

பஞ்சாயத்தில் காசு கொட்டிக் கிடக்கிறது என்று நான் சொல்லவில்லை. பதினைந்தாவது நிதிக்குழு மானியத்தில் நூற்றுக்கு அறுபது குடிதண்ணீருக்கும் சுகாதாரத்துக்கும்தான் செலவழிக்கணும் என்று கட்டுப்பாடு இருந்தது. மாநில அரசு தருகிறதில் தெருவிளக்குக் கரண்ட் பில், மோட்டார் ரிப்பேர், தண்ணி திறந்து விடுகிறவர் சம்பளம் என்றே கரைந்துவிடும். சொந்த வருமானம் என்றால் வீட்டு வரி, தொழில் வரி, தண்ணி வரி. அவ்வளவுதான். "வடிகால் அடைச்சிக் கிடக்கு, கபடிக்குக் காசா?" என்று ஒரு பெரியவர் கேட்டார். அவர் கேட்டது சரி. வடிகால் முதலில்தான். அதனால்தான் நான் லட்சம் கேட்கவில்லை. வருஷத்துக்கு 20,000 ரூபாய் போதும். திடலை ரெண்டு தடவை சுத்தம் பண்ண, மண் அடிக்க, ஒரு விளக்கு எரிய, கிட்டு வைத்திருக்கும் அறையைச் சாயங்காலம் திறந்து பூட்ட ஒரு ஆளுக்குச் சின்னத் தொகை. பரிசுக்கு ஒரு ரூபாய்கூடக் கூடாது.

இதில் இன்னொன்று இருக்கிறது. நகரத்தில் இருக்கிறவர்களுக்கு இது சட்டென்று தெரியாது. உபயக் காசில் நடக்கிற குழு உபயதாரர் சொல்படிதான் நடக்கும். அவர் கட்சிக் கலர் பனியனில் வரும். சில இடங்களில் சாதித் தலைவர் படமே பனியனில் வருகிறது. எங்க ஊரில் மேலத்தெருவுக்கு ஒரு டீம், காலனிக்கு ஒரு டீம். வயல் யாருடையதோ அவர் வீட்டுப் பிள்ளைகள் விளையாடுவார்கள், மற்றவர்கள் வரப்பில் நின்று பார்ப்பார்கள். பஞ்சாயத்துக் காசில் பஞ்சாயத்துத் திடலில் விளக்கு எரிந்தால், இங்கே வராதே என்று எவனும் யாரையும் சொல்ல முடியாது. ஒரே நாளில் எல்லாம் மாறிவிடாது. ஆனாலும் சொல்ல முடியாது என்பதே பெரிய விஷயம்.

பெண்பிள்ளைகளை எடுத்துக்கொள்ளுங்க. எங்க ஊரில் ஸ்கூல் டீமில் ஆடுகிற பிள்ளைகள் ஏழெட்டுப் பேர் இருக்கிறார்கள். ஸ்கூல் விட்டு வந்தால் அவர்களுக்கு ஆட இடமில்லை. வருஷத்தில் ரெண்டு ராத்திரிக்கு ரெண்டு லட்சம் செலவு செய்கிற ஊரில், அந்தப் பிள்ளைகள் சாயங்காலம் ஒரு மணி நேரம் ஆட ஒரு விளக்கு இல்லை.

தலைவர் இல்லாத பஞ்சாயத்தில் யாரிடம் கேட்பது என்று கேட்கிறார்கள். எங்க மாவட்டத்தில் உள்ளாட்சிப் பதவிக்காலம் 2025 ஜனவரி 5ஆம் தேதி முடிந்துவிட்டது, தனி அலுவலர்தான் பார்க்கிறார். இருக்கட்டும். கிராம சபை நடக்கிறதே. 2022லிருந்து வருஷத்துக்கு ஆறு தடவை. அடுத்தது அக்டோபர் 2. கடனை அடைக்கச் சொல்லி மனு வேண்டாம், திடலை நடத்தச் சொல்லித் தீர்மானம் கொண்டுவாங்க, முதல் கையெழுத்து நான் போடுகிறேன் என்று பையன்களுக்குச் சொல்லி அனுப்பியிருக்கிறேன்.

அப்போ 58,000 கடனுக்கு என்ன வழி? எனக்குத் தெரிந்த வழி ஒன்றுதான். யார் எவ்வளவு அறிவித்தார், எவ்வளவு கொடுத்தார் என்று எழுதி, உபயம் அறிவித்த அதே மைக்கில் பாக்கியையும் வாசிக்கணும். மைக்செட்காரர் அதற்கு வாடகை வாங்கமாட்டார். என் வார்த்தைக்காக நான் 5,000 அவரிடம் கொடுத்துவிட்டேன். குறுவை நெல் போட்டதும் இன்னும் கொஞ்சம் தருவேன். இனிமேல் போட்டி நடத்தினால், கைக்கு வந்து சேர்ந்த பணத்துக்கு மட்டும்தான் பரிசு அறிவிக்கணும். பத்தாயிரம் வந்தால் பத்தாயிரம்தான் முதல் பரிசு. அதற்கு வருகிற டீம் வரட்டும்.

கடைசியாக உங்களுக்கு. உங்க ஊரிலிருந்தும் இந்த மாதிரி நோட்டீஸ் வாட்ஸ்அப்பில் வரும். ஊர்ப் பாசத்தில் ஒரு தொகை சொல்லிவிடுவீர்கள். சொன்னால் அன்றைக்கே அனுப்பிவிடுங்க. அனுப்ப முடியாவிட்டால் சொல்லாதீங்க. நீங்க அங்கே மறந்துபோன ஒரு வார்த்தை இங்கே ஒருத்தர் வீட்டில் பீஸ் பாக்கியாய் நிற்கிறது.

இன்னொன்றும் கேட்கிறேன், தப்பாக நினைக்காதீங்க. ஊரில் பூட்டிக் கிடக்கிற உங்க அப்பா வீட்டுக்கு வீட்டு வரி கட்டி எத்தனை வருஷம் ஆச்சு? எங்க தெருவில் மட்டும் பதினோரு வீடு பூட்டிக் கிடக்கிறது. பாதிக்கு மேல் பாக்கி. வருஷத்துக்குச் சில நூறு ரூபாய்தான், இப்போ ஆன்லைனிலேயே கட்டலாம். நான் கேட்கிற 20,000 ரூபாயில் பாதி அந்தப் பாக்கியிலேயே கிடைத்துவிடும். கோப்பையில் அப்பா பேர் போட ஆசைப்படுகிறவர்கள் முதலில் வரி ரசீதில் அப்பா பேருக்கு நேராக இருக்கிற பாக்கியைக் கட்டுங்க.