ஐந்து வெள்ளிப் பங்கில் தொடங்கும் பழக்கம்

எஸ்.பி.எம். தேர்வின் கடைசித் தாள் முடிந்த அன்று மாலை, சிகாமட்டில் எங்கள் வகுப்பு மாணவர்கள் ஆறு பேர் ஒன்றுகூடினர். ஆளுக்கு ஐந்து வெள்ளி போட்டு ஒரு போத்தல் மலிவு மது வாங்கினார்கள். கடைக்குப் போய் வாங்கி வந்தவர் ஒருவனின் அண்ணன். நான் போகவில்லை. என்னை அழைத்துச் செல்ல அப்பா பள்ளி வாசலில் காத்திருந்தார், அவ்வளவுதான் காரணம்.

என் நண்பன் போனான். அதற்கு முன் அவன் குடித்ததே இல்லை. எல்லோரும் காசு கொடுக்கும்போது தான் மட்டும் எப்படி மறுப்பது என்று தயங்கிக் கொடுத்தான். அன்றிரவு வீடு திரும்பும் வழியில் மோட்டார் சைக்கிளோடு கால்வாயில் விழுந்தான். மூன்று ஆண்டுகளாகியும் அவனுடைய வலது கால் முழுமையாக மடங்கவில்லை.

சட்டம் இல்லாமல் இல்லை. 2017 டிசம்பர் 1 முதல் நம் நாட்டில் மது வாங்குவதற்கான குறைந்தபட்ச வயது 18-லிருந்து 21-ஆக உயர்ந்தது. தோட்டப்புறங்களில் ‘சம்சு’ எனப்படும் மலிவு மதுவை 700 மில்லிலிட்டருக்குக் குறையாத கண்ணாடிப் போத்தலில்தான் விற்கலாம் என்ற விதியும் வந்தது. சில்லறைக் காசுக்குக் கிடைத்த சிறிய போத்தல்கள் ஏழைக் குடும்பங்களைச் சீரழித்ததைப் பினாங்கு பயனீட்டாளர் சங்கம் நெடுங்காலம் எடுத்துச் சொல்லி வந்தது.

நோக்கம் நல்லதே. ஆனால், தனியாக வாங்க முடியாத போத்தலைக் கூட்டாக வாங்கலாம் அல்லவா? பங்கு போடும்போது விலை சிறியதாகிவிடுகிறது. குடிக்க விரும்பாதவனும் கூட்டத்தில் ஒருவனாகிவிடுகிறான். 21 வயது நிரம்பிய ஒருவர் உடன் இருந்தால் வயது வரம்பும் பயனற்றுப் போகிறது.

விளைவுகளோ பங்கு போட முடியாதவை. மதுவைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள் என அனைத்துலகப் புற்றுநோய் ஆய்வு நிறுவனம் 1988-லேயே வகைப்படுத்திவிட்டது. பதின்ம வயதில் மூளை இன்னும் வளர்ந்துகொண்டிருக்கிறது. முடிவெடுக்கும் பகுதி கடைசியாகவே முதிர்கிறது. 2020 அக்டோபரில் நடப்புக்கு வந்த சட்டத் திருத்தத்தின்படி, 100 மில்லிலிட்டர் இரத்தத்தில் மதுவின் அளவு 50 மில்லிகிராமுக்கு மேல் இருந்தால் வாகனம் ஓட்டுவது குற்றம். போதையில் ஓட்டி உயிரிழப்பை ஏற்படுத்தினால் 10 முதல் 15 ஆண்டுகள் வரை சிறை.

“நம்மவர்கள் என்றாலே குடிதான்” என்று சிலர் சொல்வதைக் கேட்டிருப்பீர்கள். வரலாறு வேறு கதை சொல்கிறது. காலனித்துவ ஆட்சியில் தோட்டங்களில் கள்ளுக்கடைகள் திறக்கப்பட்டன; தொழிலாளியின் கூலி அங்கேயே கரைந்தது. 1947-இல் கெடாவில் ஏ.எம்.சாமி தலைமையிலான தொண்டர் படை அக்கடைகளுக்கு எதிராக மறியல் செய்தது. பீடோங்கில் காவல்துறை நடவடிக்கையில் தொழிலாளி ஒருவர் உயிரிழந்தார். குடியை எதிர்த்து நின்றவர்களும் நம்மவர்களே, அவர்களில் பலர் இளைஞர்கள்.

இன்று நம்மை யாரும் மறியலுக்கு அழைக்கவில்லை. கேட்கப்படுவது ஐந்து வெள்ளி. “எனக்கு வேண்டாம்” என்று முதலில் ஒருவர் சொன்னால், இரண்டாமவருக்குச் சொல்வது எளிது. குடித்த நண்பனிடமிருந்து சாவியை வாங்கி, வீட்டாருக்கு அழையுங்கள். பழக்கம் முற்றியிருந்தால் பள்ளி ஆலோசக ஆசிரியரிடமோ அரசாங்கச் சுகாதார நிலையத்திலோ பேசலாம்.

அன்று அந்த அறுவரில் ஒருவன் மறுத்திருந்தால், என் நண்பனும் மறுத்திருப்பான். இதை அவனே என்னிடம் சொன்னான்.