கன்னிக்காடு என்னும் பொய்

சிங்கப்பூரின் மெக்ரிட்சி நீர்த்தேக்கத்தைச் சுற்றிவரும் காட்டுப்பாதையைப் பற்றி எழுதப் புகும் நம்மவர்கள் தவறாமல் ஒரு சொல்லில் போய் விழுகிறார்கள்: 'கன்னிக்காடு'. நீரோரப் பலகைப் பாதையிலும், 2004இல் திறக்கப்பட்ட 250 மீட்டர் தொங்குபாலத்தில் மரமுடிகளுக்கு மேலுமாக ஏறத்தாழ 11 கிலோமீட்டர் நடந்தவர்களுக்கு, காலடியில் கிடக்கும் வரலாறு மட்டும் தென்படவில்லை!

அந்த ஏரி இயற்கை தந்ததன்று. நகரின் குடிநீருக்காக 1868இல் கட்டி முடிக்கப்பட்டது. 19ஆம் நூற்றாண்டில் காம்பியர், மிளகுத் தோட்டங்கள் அத்தீவின் காடுகளில் பெரும்பகுதியைத் தின்று தீர்த்தன. நீர்பிடிப்புப் பகுதி என்று காக்கப்பட்டதால்தான் இங்கே பழங்காட்டின் துண்டுகள் எஞ்சின. அழிந்த இடங்களில் மரங்கள் மீண்டும் எழுந்தன.

'செயற்கை ஏரி, மறுவளர்ச்சிக் காடு. இதற்கா இத்தனை பரிவு?' என்று கேட்போரும் உண்டு. இவர்களும் அதே கன்னிமைக் கற்பிதத்தின் பிள்ளைகளே. அழுங்கும், மரத்துக்கு மரம் காற்றில் சறுக்கிச் செல்லும் கொலுகோவும் வாழும் காட்டிற்குப் பிறப்புச் சான்றிதழ் எதற்கு?

இக்காடு அடங்கிய மத்திய நீர்பிடிப்புக் காப்பகத்தின் அடியில், சுமார் 70 மீட்டர் ஆழத்தில், ரயில் சுரங்கம் அமைப்பதென 2019இல் முடிவாயிற்று. ஆகவே இது வெறும் சொல் வழக்கன்று. மனிதன் தொடாத காடென்றால் வியந்துவிட்டு வீடு திரும்பலாம். மனிதன் அழித்து, பின் தன் தாகத்திற்காகவேனும் காத்த காடென்றால், இனியும் காக்கும் பொறுப்பு அவனுடையது. அந்தப் பொறுப்பைத்தான் 'கன்னிக்காடு' என்ற சொல் நம் கண்ணிலிருந்து மறைக்கிறது.