பதிவேட்டைப் பார்ப்பவர்களும் குழந்தைகளைக் கேட்பவர்களும்

பீகாரின் முசாபர்பூரில் இயங்கிய சிறுமியர் காப்பகம், அரசின் கண்ணுக்கு மறைவாக நடந்த இடமன்று. அரசு நிதியில் ஒரு தொண்டு நிறுவனம் அதை நடத்தியது. ஆயினும், அங்கு நிகழ்ந்த பாலியல் கொடுமைகளை வழக்கமான அரசு ஆய்வு எதுவும் வெளிக்கொணரவில்லை. மாநில அரசுக்காக டாட்டா சமூக அறிவியல் நிறுவனத்தின் குழு 110 காப்பகங்களில் நடத்திய சமூகத் தணிக்கையே வெளிக்கொணர்ந்தது. பதிவேடுகளோடு நின்றுவிடாமல், அங்கு வாழ்ந்தோரிடம் அக்குழு பேசியது. 2018 மே 31 அன்று முதல் தகவல் அறிக்கை பதிவாயிற்று.

சட்டத்தில் குறையில்லையே என்பர். 2015ஆம் ஆண்டின் சிறார் நீதிச் சட்டத்தின் 54ஆம் பிரிவுப்படி, மூன்று மாதங்களுக்கு ஒருமுறையேனும் ஆய்வுக்குழு ஒவ்வொரு காப்பகத்துக்கும் செல்லவேண்டும். மூவருக்குக் குறையாத அக்குழுவில் ஒரு பெண்ணும் ஒரு மருத்துவ அலுவலரும் இருக்கவேண்டும். ஒரு வாரத்துக்குள் அறிக்கை தரவேண்டும். குழந்தைகள் நலக் குழுவோ மாதம் இருமுறை ஆய்வு செய்யவேண்டும் என்கிறது 30ஆம் பிரிவு. 2020 ஜனவரியில் டெல்லி நீதிமன்றம் இவ்வழக்கில் 19 பேரைக் குற்றவாளிகள் என அறிவித்தது. அவர்களுள் அம்மாவட்டக் குழந்தைகள் நலக் குழுவின் முன்னாள் தலைவரும், மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலுவலரும் அடங்குவர். ஆய்வு செய்யக் கடமைப்பட்டவர்களே குற்றவாளிக் கூண்டில் நின்றனர்.

ஆகவே, எத்தனை முறை ஆய்வு நடந்தது என்பதைவிட, யார் ஆய்வு செய்கிறார், யாரிடம் பேசுகிறார் என்பதே நமது கேள்வி. காப்பக நிர்வாகியும் அலுவலரும் ஒரே ஊரின் செல்வாக்குள்ள வட்டத்தினர். உள்ளே இருக்கும் சிறுமிக்கோ வெளியே கேட்பார் எவருமில்லை. அதிகாரி வருவதற்கு முந்தைய நாள் கழிப்பறை கழுவப்படுவதையும், அன்று மட்டும் குழம்பில் காய் மிதப்பதையும் விடுதிகளில் படித்த நம்மில் பலர் அறிவோம். பெண்ணும் மருத்துவரும் வேண்டும் என்று விதித்த 54ஆம் பிரிவு, தலித் அல்லது பழங்குடி உறுப்பினரையோ, காப்பகத்தில் வளர்ந்த ஒருவரையோ கட்டாயமாக்கவில்லை. இதைச் சிறிய விடுபடலாக நாம் கருதவில்லை.

தமிழ்நாட்டுக்கும் இதில் பங்குண்டு. இங்குள்ள அநாதை இல்லங்களில் குழந்தைகள் சுரண்டப்பட்டது குறித்து 2007இல் தொடங்கிய வழக்கில்தான், காப்பகங்களின் பதிவையும் ஆய்வுக்குழுக்களையும் சமூகத் தணிக்கையையும் வலியுறுத்தி 2017 மே 5 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அத்தீர்ப்பை முன்வைத்து, தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் மாணவர்கள் தத்தம் மாவட்டத்தில் கேட்கலாம்: கடந்த நான்கு காலாண்டுகளில் எந்தெந்த நாட்களில் ஆய்வு நடந்தது? குழுவில் இருந்தவர்கள் யாவர்? நிர்வாகிகள் உடனில்லாதபோது குழந்தைகளிடம் பேசினார்களா? குழந்தைகளின் அடையாளத்தை மட்டும் கேட்கலாகாது; அதனைச் சட்டம் காக்கிறது.