பூதம் எத்தனை மணிக்குச் சாப்பிடும்?

கோடை விடுமுறைக்கு அண்ணன் மகள் சாரத்தில் எங்கள் வீட்டில்தான் இருந்தாள். ஆறு வயது. ஒரு மதியம் டிவியில் ‘மை டியர் பூதம்’ ஓடியது. 2022இல் என். ராகவன் இயக்கத்தில் வந்த படம், பிரபுதேவாதான் பூதம். பாப்பா சோபாவில் குதித்துக்கொண்டிருந்தாள். அம்மா கீரை ஆய்ந்தபடியே பாதிப் படம் வரை பார்த்துவிட்டுக் கேட்டார்: “ஏண்டி, அது எத்தினி மணிக்குச் சாப்புடும்?”

“பூதத்துக்குப் பசிக்காது ஆயா.”

“பசிக்காம எப்பிடி வேலை செய்யும்?”

சிரித்துவிட்டுத்தான் என் அறைக்குப் போனேன். ஆய்வேட்டின் மூன்றாம் இயல் ஒரு மாதமாக நகராமல் கிடக்கிறது. அன்றும் நகரவில்லை. முப்பது வருடம் அடுத்தவர் வீட்டுப் பாத்திரம் துலக்கிய ஒருத்திக்கு மட்டுமே தோன்றக்கூடிய கேள்வி அது.

தேவதைக் கதையின் ஆளை நவீன நகரத்துக்குள் இறக்கிவிட்டு, பாட்டும் கூத்துமாகக் குடும்பத்தோடு சிரிக்க வைக்கும் படங்கள் நமக்குப் புதிதல்ல. 1967இல் எம்.வி. ராமன் இயக்கிய ‘பட்டணத்தில் பூதம்’ இன்றும் டிவியில் வந்தால் ரிமோட்டைத் தொட மனம் வராது. ஜெய்சங்கர், கே.ஆர். விஜயா, நாகேஷ், பூதமாக ஜாவர் சீதாராமன். மூவாயிரம் வருடம் ஜாடிக்குள் அடைபட்டுக் கிடந்த பூதம் பட்டணத்துக்கு வருகிறது, கூடைப்பந்து ஆட்டத்தில்கூட வேலை காட்டுகிறது. 1964இல் வந்த ‘தி பிராஸ் பாட்டில்’ என்ற அமெரிக்கப் படத்தின் வழி வந்த கதை. அந்தப் பூதத்தின் பெயர் ஜீபூம்பா. என் தலைமுறைக்கு அது பெயராகத் தெரியாது, மந்திரமாகத்தான் தெரியும்.

ஜாடியிலிருந்தோ விளக்கிலிருந்தோ வரும் பூதம் நம் சினிமாவில் கைகட்டித்தான் நிற்கும். விடுவித்தவர் எஜமான், அது அடிமை. கூலி கிடையாது, விடுப்பு கிடையாது. மூவாயிரம் வருடம் அடைத்துப் போட்டதற்கு ஒரு கோபம்கூட இருக்காது. ‘பட்டணத்தில் பூதம்’ வந்ததற்கு அடுத்த ஆண்டு, 1968 டிசம்பர் 25 அன்று, கூலி உயர்வு கேட்டுச் சங்கமாகத் திரண்டதற்காகக் கீழ்வெண்மணியில் 44 பேர் எரித்துக் கொல்லப்பட்டார்கள். படத்துக்கும் அதற்கும் தொடர்பு இருப்பதாகச் சொல்லவில்லை. கேட்காமலே உழைக்கும் ஒருவரைத் திரையில் ரசித்ததும், கேட்டவர்களைக் கொளுத்தியதும் ஒரே காலத்தில் நடந்தன என்கிறேன்.

நான் பார்த்து வளர்ந்தது சன் டிவியில் வந்த ‘மை டியர் பூதம்’ தொடர். 2000களின் நடுப்பகுதி. மூசா என்ற குட்டிப் பூதம் என்றால் என் வயதுக்காரர்களுக்கு இப்போதும் முகம் மலரும். எங்கள் வீட்டில் அப்போது டிவி இல்லை. பள்ளி விட்டதும் அம்மா வேலை செய்த வீட்டுக்குப் போவேன். அம்மா முடித்துவிட்டு வரும் வரை வாசற்படி. கதவு திறந்திருந்தால் டிவியின் முக்கால் பாகம் தெரியும். மூசா இடது ஓரமாகப் போனால் எனக்கு மறைந்துவிடுவான். உள்ளே வந்து உட்கார் என்று யாரும் சொன்னதில்லை. போகாதே என்றும் யாரும் சொன்னதில்லை, எனக்கே தெரிந்திருந்தது. ஜன்னல் திண்டில் அம்மாவுக்கென்று தனி டம்ளர் கவிழ்ந்திருக்கும்.

அந்த வீட்டில் என் வயதில் ஒரு பையன். ஒருநாள் தட்டைக் கீழே தள்ளிவிட்டு, கையை ஆட்டி “ஜீபூம்பா” என்றான். அம்மா வந்து சோற்றை வழித்து எடுத்துத் துடைத்தார். அவனுக்கு வேடிக்கையாகிவிட்டது. தண்ணீரைக் கொட்டினான், ஜீபூம்பா. பென்சில் சீவல், ஜீபூம்பா. “எங்க வீட்டு பூதம்” என்று கைதட்டினான். பெரியவர்கள் சிரித்தார்கள். அம்மாவும் சிரித்தார். அவனும் அம்மாவை “ஆயா” என்றுதான் கூப்பிடுவான். இப்போது பாப்பாவும் அதே சொல்லால்தான் கூப்பிடுகிறாள்.

இதைச் சொன்னபோது உடன் ஆய்வு செய்யும் தோழர் ஒருவர், “குழந்தைகள் படத்திலுமா சாதி?” என்றார். குழந்தைகள் படத்தில்தான் தோழர். அந்தப் பையன் மனுதர்மம் படித்திருக்கவில்லை. சொடுக்குப் போட்டால் வேலை நடக்கும், செய்தவருக்கு முகம் இருக்காது என்பதை அவன் ஒரு பூதத்திடமிருந்துதான் கற்றான். சாதி உழைப்பாளர்களையே பிரித்து அடுக்கி வைக்கிறது என்று அம்பேத்கர் 1936இல் எழுதினார். அந்த அடுக்கின் அடியில் இருப்பவரைக் கண்ணுக்குத் தெரியாமல் ஆக்குவதுதான் இந்த மாயம்.

ஹாலிவுட்டும் இதில் சளைத்ததில்லை. டிஸ்னியின் ‘என்சான்டட்’ (2007) படத்தில் கார்ட்டூன் நாட்டுப் பெண் ஒருத்தி நியூயார்க்கில் வந்து விழுகிறாள். எமி ஆடம்ஸின் நடிப்புக்காகவே நான் நான்கு முறை பார்த்த படம். காட்டு விலங்குகளைக் கூப்பிட்டு வீடு கூட்டிப் பழகியவள் இங்கேயும் ஜன்னலைத் திறந்து கூப்பிடுகிறாள். எலியும் புறாவும் கரப்பானும் வந்து ஆடிப் பாடிக் கழிவறை வரை தேய்க்கின்றன. தன் இனத்தின் பழைய கதைகளைத் தானே கிண்டல் செய்யும் புத்திசாலித்தனமான காட்சி. ஆனாலும் அசுத்தத்தை அகற்றுபவர்கள் அசுத்தமாகக் கருதப்படுபவர்களே, அதுவும் சிரித்த முகத்தோடு.

பாப்பாவுக்கு அந்தப் படத்தையும் போட்டுக் காட்டினேன். இளவரசனை மணக்கப் போனவள் டைம்ஸ் சதுக்கத்தில் ஒரு மேன்ஹோல் மூடியைத் தள்ளிக்கொண்டு வெள்ளைக் கவுனோடு வெளியே வருவாள். “அத்தை, நம்ம தெரு மூடிக்குக் கீழேயும் ராஜா ஊரு இருக்கா?” என்றாள்.

எங்கள் வீட்டிலிருந்து சில கிலோமீட்டரில் இருக்கிறது ரெட்டியார்பாளையம். 2024 ஜூனில் பாதாளச் சாக்கடையிலிருந்து கழிவறை வழியே வந்த நச்சு வாயுவால் ஒரு பள்ளி மாணவி உட்பட மூன்று பெண்கள் வீட்டுக்குள்ளேயே இறந்தார்கள். வீட்டில் இருந்தவர்களுக்கே இந்த நிலை என்றால், மூடியைத் திறந்து இறங்குகிறவர்களுக்கு? 2013இலேயே சட்டம் வந்துவிட்டது. இறந்தால் 30 லட்சம் இழப்பீடு என்று 2023இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. இறங்குவது நிற்கவில்லை, இறங்குவோர் எந்தச் சாதி என்பதும் மாறவில்லை. பாப்பாவிடம் இதையெல்லாம் சொல்லவில்லை. “ராஜா ஊரு இல்ல, சாக்கடைதான்” என்றேன். முகம் சுருங்கிவிட்டது.

2022 படத்தில் பூதம் அடிமை இல்லை, சபிக்கப்பட்ட ராஜா. திக்கிப் பேசும் ஒரு சிறுவனின் பக்கம் நின்றதற்காக அந்தப் படத்தை நான் மதிக்கிறேன். ஆனால் மரியாதை தர வேண்டுமென்றால் ராஜாவாக்கியே ஆக வேண்டுமா? 1956இல் எம்.ஜி.ஆர். நடித்த ‘மதுரை வீரன்’ நாயகனும் செருப்புத் தைப்பவர் வீட்டில் வளர்ந்தான், பிறப்பில் இளவரசன்தான்.

வேறு விதமும் நம்மிடம் உண்டு. மாரி செல்வராஜின் ‘கர்ணன்’ (2021) படத்தில் பேருந்து நிற்காத சாலையில் செத்துப்போன சிறுமி காட்டுப்பேச்சியாக, முகமூடியோடு வந்து நிற்கிறாள். யாருக்கும் வேலைக்காரி இல்லை, யார் மகள் என்பதும் ஊருக்கே தெரியும். அதை ஆறு வயதுக்காரிக்குக் காட்ட முடியாது என்பதுதான் என் பிரச்சினை. எனக்கு வேண்டியது ஒரு சிரிப்புப் படம். ஜாடியிலிருந்து பூதம் வரட்டும், பாட்டுப் பாடட்டும், முதல் வேலை சொன்னவுடன் எவ்வளவு தருவாய் என்று கேட்கட்டும். வயிறு வலிக்கச் சிரிக்கலாம்.

விடுமுறை முடிய இரண்டு நாள் இருக்கும்போது பாப்பா சோபாவில் படுத்துக்கொண்டு கையை ஆட்டினாள். “ஜீபூம்பா! ஆயா, தண்ணி!”

அம்மா தலை நிமிரவில்லை. “சொம்பு அங்கதான் இருக்கு. எழுந்து போய்க் குடி. எனக்கும் ஒரு டம்ளர் கொண்டா.”